தன் பசுவைத் தானே விற்றவன்

ஆம்ஸ்டர்டாமுக்கு வெளியே ஒரு கிராமம். விவசாயி ஒருவரின் வீட்டில் இரவு தங்க இடம் கேட்டு ஒரு வழிப்போக்கன் வருகிறான். அவன் திருடன். விடிவதற்கு முன்பே அந்த வீட்டுப் பசுவை ஓட்டிப்போய் மறைவாகக் கட்டிவைத்துவிடுகிறான். காலையில் திருடனும் விவசாயியும் பேசிக்கொண்டே நகரத்துக்கு நடக்கிறார்கள். வழியில் திருடன் ஒரு சாக்குச் சொல்லி விலகிப் போய்ப் பசுவோடு திரும்பி வருகிறான். தன் வீட்டுப் பசு மாதிரியே இருக்கிறதே என்று விவசாயிக்குத் தோன்றுகிறது. ஆனால் இது தன்னுடையதுதான் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை. தனக்காக இதை விற்றுத் தரும்படி திருடன் கேட்டுக்கொள்ள, விவசாயி தன் பசுவுக்குத் தானே விலை பேசி, நல்ல தொகைக்கு விற்று, காசைத் திருடன் கையில் கொடுக்கிறார். 1612இல் எழுதப்பட்ட 'பசுவின் கேலிக்கூத்து' என்ற இந்தச் சிறு நாடகத்தின் ஆசிரியர் கெர்ப்ராண்ட் அத்ரியான்சூன் பிரெடெரோ. டச்சு மொழியின் நகைச்சுவை நாடகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் முதலில் சொல்லும் பெயர் அவருடையது.

இந்தப் பசுவை நினைவில் வைத்துக்கொண்டால் பிரெடெரோவின் முழுப் படைப்புக்கும் வழி கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். அவரை வழக்கமாக அறிமுகப்படுத்துவது வேறு மாதிரி: பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆம்ஸ்டர்டாம் தெருக்கள் எப்படி இருந்தன, சந்தையில் எப்படிப் பேசினார்கள் என்பதை அப்படியே பிடித்துக் காட்டிய கண்ணாடி என்று சொல்வார்கள். அது பொய்யல்ல, ஆனால் பாதிதான். கண்ணெதிரே இருப்பதை மனிதர்கள் எப்படிப் பார்த்தும் அறியாமல் போகிறார்கள் என்பதே அவரைத் திரும்பத் திரும்ப இழுத்த கேள்வி. 1613இல் எழுதிய 'மாவு ஆலைக்காரன்' என்ற கேலிக்கூத்திலும் இதுவே நடக்கிறது. நகரக் கதவு மூடிவிட்டதால் வெளியே மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின்மேல் ஆசைப்படும் ஆலைக்காரன், இருட்டில் தன் மனைவியையே அந்தப் பெண் என்று நினைத்து ஏமாறுகிறான். ஒருவன் தன் பசுவை அறியவில்லை, மற்றவன் தன் மனைவியை அறியவில்லை. இந்தச் சின்ன வேடிக்கைகளிலிருந்து பிரெடெரோ ஐந்தே ஆண்டுகளில் ஒரு முழு நகரமே ஒரு மனிதனை அறியாமல் போகும் நாடகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் பிறந்தது 1585 மார்ச் 16 அன்று, ஆம்ஸ்டர்டாமின் நெஸ் தெருவில். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலில் தொடங்கி, வரி வசூல் குத்தகை எடுத்து, வீடு மனை வாங்கி விற்று வசதிக்கு வந்தவர். அன்றைய ஆம்ஸ்டர்டாமில் சுறுசுறுப்பான கைவினைஞன் ஒரே தலைமுறையில் ஏறிவிடக்கூடிய ஏணி அது. மகன் லத்தீன் பள்ளிக்குப் போகவில்லை. கொஞ்சம் பிரெஞ்சு கற்றார்; ஓவியர் பிரான்செஸ்கோ பாடென்ஸிடம் தொழில் பழகினார். நகரக் காவல் படையில் கொடி ஏந்தும் பொறுப்பும் வகித்தார். அவர் வரைந்த ஓவியம் ஒன்றுகூட இன்று நம் கையில் இல்லை. 33 வயதில், 1618 ஆகஸ்ட் 23 அன்று, திருமணமாகாமலே இறந்தார். நாடகம் எழுதிய காலம் ஏழெட்டு ஆண்டுகள்தான்.

லத்தீன் தெரியாமல் இருந்தது அந்தக் காலத்தில் சிறிய குறையல்ல. கவிஞன் என்றால் ரோமானியரைப் படித்தவன் என்றே கற்றவர்கள் எண்ணினார்கள். அவருடைய நண்பர்களான கவிஞர் ஹோஃப்டும் மருத்துவர் சாமுவேல் கோஸ்டரும் அப்படிப்பட்ட படிப்புள்ளவர்கள். பிரெடெரோ தன் பாடல்களுக்கு எழுதிய முன்னுரையில் வேறொரு தகுதியை முன்வைத்தார். வாழ்க்கைக்கு மிக அருகில் வருபவனே சிறந்த ஓவியன் என்று ஓவியர்கள் சொல்லும் விதியைத்தான் தானும் பின்பற்றியதாக அங்கே சொல்கிறார். பேச்சில் அடிபடும் சொல், நாட்டுப்புறத்தான் உச்சரிக்கும் விதம், எல்லாம் அவருக்குக் கவிதைக்குரிய சரக்கு. அவரை வெறும் கண்ணாடி என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வாக்குமூலத்தையே சான்றாகக் காட்டுகிறார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. ஓவியனாகப் பழகிய ஒருவர், கண்ணை நம்பிக் கெட்டுப்போகும் மனிதர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார். தோற்றத்தை உருவாக்கத் தெரிந்தவருக்குத்தான் தோற்றம் எவ்வளவு ஏய்க்கும் என்பதும் தெரியும்.

அவருடைய நகரம் அப்போது எப்படி மாறிக்கொண்டிருந்தது என்று பார்க்காமல் அவருடைய பெரிய நாடகத்துக்குள் நுழைய முடியாது. பிரெடெரோ பிறந்த அதே 1585இன் ஆகஸ்டில் தெற்கே அந்த்வெர்ப் நகரம் ஸ்பானியப் படைகளிடம் வீழ்ந்தது. அதுவரை வட ஐரோப்பாவின் மிகப் பெரிய வணிகச் சந்தை அது. புராட்டஸ்டண்டுகள் நான்கு ஆண்டுகளுக்குள் மதம் மாற வேண்டும், அல்லது ஊரைவிட்டுப் போக வேண்டும் என்றானது. ஒரு காலத்தில் ஏறத்தாழ 1,00,000 பேர் இருந்த நகரத்தில் 1589இல் மிஞ்சியவர்கள் 42,000 பேர்தான். கிளம்பியவர்களில் பெரும்பகுதியினர் வடக்கே வந்தார்கள். அவர்களோடு பணமும், அச்சுக்கலையும், சர்க்கரை சுத்திகரிப்பும், துணித் தொழிலும், ஓவியமும் வந்தன. பிரெடெரோவின் குழந்தைப் பருவத்தில் சுமார் 30,000 பேர் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாம், அவர் இறந்து சில ஆண்டுகளில் 1,00,000ஐத் தாண்டிவிட்டது. பாதித் தெரு புதுமுகம். யார் மகன், எந்த ஊர், எவ்வளவு சொத்து என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிந்த காலம் போய்விட்டது.

அதே நேரத்தில் நகரம் கடனில் இயங்கக் கற்றுக்கொண்டிருந்தது. 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1609இல் மாற்று வங்கி, 1611இல் வணிகர்கள் கூடும் புதிய பங்குச் சந்தைக் கட்டடம். அறிமுகமில்லாதவனுக்குச் சரக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வியாபாரம் இல்லை. அப்படியானால் எதைப் பார்த்துக் கொடுப்பது? உடையைப் பார்த்து, நடையைப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலாகப் பேச்சைக் கேட்டு. அந்த்வெர்ப் இருந்த பிராபண்ட் மாகாணத்தின் பேச்சு, செல்வமும் படிப்பும் உள்ளவர்களின் பேச்சாக ஆம்ஸ்டர்டாமில் மதிக்கப்பட்டது. உள்ளூர்ப் பேச்சு அதன் பக்கத்தில் பட்டிக்காடாகத் தோன்றியது. ஒருவன் வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் மனதில் அவனுக்கு ஒரு கணக்குத் திறந்துவிடும்.

1617இல் மேடையேறி 1618இல் அச்சான 'ஸ்பானியப் பிராபண்டுக்காரன்' இந்த இடத்தில்தான் நிற்கிறது. நாயகன் ஜெரோலிமோ அந்த்வெர்ப்பில் திவாலாகி ஓடி வந்தவன். அழகான மேலங்கி, பகட்டான பேச்சு, பரம்பரைப் பெருமை எல்லாம் உண்டு. பையில் காசு கிடையாது. மேடைக்கு வந்ததுமே தன் ஊரின் சிறப்பைப் பேசி, ஆம்ஸ்டர்டாம் மக்களின் நாகரிகத்தைக் குறை சொல்கிறான். தெருவில் திரியும் ஏழைப் பையன் ரொப்பெக்னோலை வேலைக்கு அமர்த்திக்கொள்கிறான். அவனோ இப்படி ஒரு கனவான் கிடைத்தாரே, இனி வயிறு நிறையும் என்று மகிழ்கிறான். வீட்டுக்குப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. வேலைக்காரன் தெருவில் பிச்சை எடுத்து ரொட்டியோடு வர, எசமான் அவன் தின்பதைப் பார்த்து, அந்த ரொட்டியின் தரத்தைப் பாராட்டத் தொடங்குகிறான். கேட்கத் தன்மானம் இடம் கொடுக்கவில்லை, வயிறு சும்மா இருக்கவும் இல்லை. பையனுக்குப் புரிந்துவிடுகிறது. தானாக எடுத்துக் கொடுக்கிறான், எசமானின் மானம் குறையாதபடி. அதற்குப் பிறகு வேலைக்காரன்தான் எசமானுக்குச் சோறு போடுகிறான்.

இந்தக் காட்சி பிரெடெரோவின் சொந்தக் கற்பனை அல்ல. 1554இல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவந்த 'லாசரில்யோ தே தோர்மெஸ்' என்ற ஸ்பானிய நாவலின் ஓர் அத்தியாயத்திலிருந்து எடுத்தது. அந்த நாவலின் டச்சு மொழிபெயர்ப்பு 1579லேயே வந்துவிட்டது. அவருடைய 'மோர்ட்யே' நாடகமும் ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸிடமிருந்து, பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வழியாகக் கிடைத்த கதை. அப்படியானால் இவருடையது என்று சொல்ல என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். அவர் எதை மாற்றினார் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். ஸ்பானிய நாவலில் வருபவன் வறுமைப்பட்ட பிரபு; அவனிடம் பாக்கி கேட்டு வருபவர்கள் வீட்டுச் சொந்தக்காரனும் கட்டில் வாடகைக்குக் கொடுத்த கிழவியும் மட்டுமே. பிரெடெரோவின் நாடகத்தில் கடன்காரர் வரிசை நீள்கிறது: வாடகைக்கு வரும் கஞ்சன் கேரார்ட், வெள்ளீயப் பாத்திரம் வார்ப்பவன், பொற்கொல்லன், ஓவியன், பழைய சாமான் வாடகைக்கு விடும் பெண். தன் சொந்தத் தொழிலைச் சேர்ந்த ஒருவனையும் ஏமாந்தவர் வரிசையில் நிறுத்தியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மானத்துக்கும் பசிக்கும் நடுவே சிக்கியவனின் கதையை, கடன் கொடுத்தவர்களின் கதையாகவும் ஆக்கிவிட்டார். அந்த மாற்றம் ஆம்ஸ்டர்டாமைப் பார்த்துச் செய்தது. அவர் இறந்து 25 ஆண்டுகளில், 1643இல், திவாலானவர்களின் சொத்தைக் கையாள்வதற்கென்றே அந்த நகரம் தனி அலுவலகம் ஒன்றைத் திறக்க வேண்டி வந்தது.

இன்னும் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இது வந்தேறிகளைப் பழிக்கும் நாடகம் என்பது அது. தலைப்பே குற்றச்சாட்டுப்போல இருக்கிறது. அப்போது ஸ்பெயினோடு போர் முடியவில்லை, 1609இல் தொடங்கிய பன்னிரண்டு ஆண்டுப் போர்நிறுத்தம்தான் நடப்பில் இருந்தது. ஊரை இழந்து வந்த ஒரு தென்னகத்தானை 'ஸ்பானிய' என்று அழைப்பது எதிரியோடு சேர்த்துவைப்பதாகும். நாடகத்தில் மூன்று கிழவர்கள் உட்கார்ந்து பழைய ஆம்ஸ்டர்டாமின் நேர்மையைப் புகழ்ந்து, வெளியூர்க்காரர்களைத் திட்டுகிறார்கள். ஜெரோலிமோவின் பிராபண்ட் உச்சரிப்பு முழுக்கச் சிரிப்புக்காக எழுதப்பட்டிருக்கிறது. அரங்கில் அமர்ந்திருந்தவர்களில் பலர் அந்தப் பேச்சைக் கேட்டு, பக்கத்து வீட்டு அகதியை நினைத்துச் சிரித்திருப்பார்கள். இதை மறைத்துப் பிரெடெரோவைக் காப்பாற்ற நான் விரும்பவில்லை. மேடையில் ஓர் உச்சரிப்பைப் பரிகசித்தால் அந்தச் சிரிப்பு எங்கே போய் விழும் என்பதை எழுதியவரால் கட்டுப்படுத்த முடியாது.

ஆனாலும் நாடகத்தின் அமைப்பு அந்தக் கிழவர்களின் பக்கம் நிற்கவில்லை. அவர்கள் முணுமுணுக்கும் அதே தெருவில் உள்ளூர்க்காரர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள்? கேரார்ட் ஊரறிந்த கஞ்சன். சாமான் வாடகைக்கு விடுகிறவள் அடுத்தவர் தேவையில் பிழைப்பவள். ஜெரோலிமோவுக்குப் பொருளைக் கொடுத்தவர்கள் இரக்கத்தால் கொடுக்கவில்லை, பணக்காரனிடமிருந்து லாபம் வரும் என்ற கணக்கில் கொடுத்தார்கள். கடைசியில் அவன் மறைந்துவிட, எல்லோரும் அதிகாரிகளோடு வந்து வீட்டைத் திறந்து வெறுமையைப் பார்க்கும்போது, பார்வையாளர் சிரிப்பது ஓடிப்போன வெளியூர்க்காரனைப் பார்த்தல்ல, ஏமாந்து நிற்கும் தம் ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான். தன் பசுவுக்கு விலை பேசிய அந்த விவசாயிதான் இங்கே ஐந்தாறு பேராகப் பெருகி நிற்கிறார். ஆளைப் பார்த்தும் ஆள் யாரென்று அறியாமல் போவதைப் பற்றிய ஒரு பழமொழியோடு பிரெடெரோ நாடகத்தை முடிப்பது தற்செயலல்ல.

பிராபண்டுக்காரர்களை அவர் வெளியிலிருந்து பார்த்தவரும் அல்ல. அவருக்கு ஓவியம் கற்றுக்கொடுத்த பாடென்ஸ் பிறந்தது அந்த்வெர்ப்பில். அந்த வருகையால் ஆம்ஸ்டர்டாம் எவ்வளவு பெற்றது என்பது அவருக்குத் தெரியும், பார்வையாளர்களுக்கும் தெரியும். உழைத்து நிமிர்ந்த ஆயிரக்கணக்கான அகதிகளின் நடுவே, அவர்களின் மதிப்பான பேச்சை மட்டும் உடுத்திக்கொண்டு ஒருவன் உலவுகிறான். அந்த ஒருவனையும் பிரெடெரோ முழுக்க வெறுக்கவிடவில்லை. ரொட்டியைப் பகிர்ந்துகொள்ளும் காட்சியில் இருக்கும் கனிவு வெறுப்பிலிருந்து வராது. எல்லோரும் அறியத் தவறிய ஜெரோலிமோவை உள்ளபடி அறிந்த ஒரே ஆள் ரொப்பெக்னோல், ஊரிலேயே மிகவும் இல்லாதவன். அவன் அறிந்தது கண்ணாலும் அல்ல, காதாலும் அல்ல, பசியால். தனக்குத் தெரிந்த பசியை இன்னொருவரிடம் கண்டுகொண்டான். பிரெடெரோவின் எல்லா நாடகங்களிலும் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் இடம் இதுதான்.

இந்த இடத்தின் கனம் தெரிய, அன்றைய ஆம்ஸ்டர்டாம் ஏழைகளை எப்படி நடத்தியது என்றும் பார்க்க வேண்டும். 1596இல் திறந்த ராஸ்ப்ஹைஸ் என்ற திருத்தச் சிறையில் பிச்சைக்காரர்களையும் திருடர்களையும் அடைத்து, சாயத்துக்காகச் சிவப்பு மரத்தை அராவவைத்தார்கள். நாடகத்திலும் பிச்சை எடுப்பதைத் தடைசெய்யும் அறிவிப்பு ஒன்று பொது இடத்தில் வாசிக்கப்படுகிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு வரும் ரொட்டிக்கே ஆபத்து. பக்கத்தில் நூல் நூற்கும் பெண்களின் தயவில்தான் பையன் பிழைக்கிறான். திவாலாகிப் பலரைக் கெடுத்தவன் நல்ல உடையில் தெருவில் நடக்கலாம், ஒரு துண்டு ரொட்டி கேட்பவன் குற்றவாளி என்ற நிலைமையைப் பிரெடெரோ ஒரு வார்த்தைப் பிரசங்கமும் இல்லாமல் மேடையில் வைத்தார்.

அவரை நடப்பைப் பதிவுசெய்தவராக மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த நாடகத்தின் காலமே பதிலாகிறது. கதை தன் காலத்தில் நடப்பதாக அவர் சொல்லவில்லை. ஏறத்தாழ 40 ஆண்டுகள் பின்னே, கொள்ளைநோய் பரவிய ஒரு காலத்தில் வைத்தார். யாரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று சண்டைக்கு வரக்கூடாது என்பது ஒரு காரணம். ஆனால் அந்த்வெர்ப் அகதிகள் பெருவாரியாக வந்ததோ அந்தக் காலத்துக்குப் பிறகு. பழைய தெருவில் புதிய சிக்கலைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வசனம் முழுவதும் இயைபுத் தொடை அமைந்த செய்யுள். சந்தையில் யாரும் செய்யுளில் பேசியதில்லை. பெண் பாத்திரங்களில் நடித்தவர்கள் ஆண்கள். ஆம்ஸ்டர்டாம் மேடையில் முதல் நடிகை ஏறியது 1655இல்தான். இத்தனை செயற்கைக்கு நடுவிலும் அந்தப் பேச்சு உயிரோடு கேட்கிறது என்றால் அது தேர்ந்தெடுத்துச் செதுக்கிய பேச்சு. இரண்டு வேசிகள் தாங்கள் இந்த வாழ்க்கைக்கு வந்த கதையைப் பேசிக்கொள்ளும் இடத்தில், ஜெரோலிமோ அவர்களிடம் காதல் கவிதை பாணியில் பேசித் தோற்கும்போது, எந்தச் சொல் உடை, எந்தச் சொல் உடம்பு என்று நம் காதுக்கே பிரிந்துவிடுகிறது.

இதையெல்லாம் சொல்லும்போது அவருடைய எல்லையையும் சொல்லியாக வேண்டும். 1615இல் எழுதிய 'மோர்ட்யே'யில் ஓர் இளைஞன் காதலியை நெருங்குவதற்காகக் கறுப்பு அடிமைப் பெண்ணாக வேடம் போடுகிறான். அந்த வேடமே வேடிக்கையின் மையம். நிறம் அங்கே வெறும் போர்வை. ஆனால் அதே நாடகத்துக்குள் ஒரு பாத்திரம், மனிதர்களைக் குதிரைகளைப்போல விற்பது மனிதத்தன்மையற்ற, கடவுளற்ற செயல் என்று கொதித்துச் சொல்கிறது. இந்த ஊரிலும் அந்தத் தொழிலைச் செய்பவர்கள் இருக்கிறார்கள் என்று பார்வையாளர்களை நோக்கியே விரல் நீட்டுகிறது. டச்சுக்காரர்கள் அடிமை வணிகத்தில் பெருமளவில் இறங்குவதற்கு முன்பே சொன்ன சொல் அது. ஆம்ஸ்டர்டாமின் முதலீட்டில் ஓடிய கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையை எழுப்பியிருந்தது. நாடகம் வந்து பத்து ஆண்டுகள் முடிவதற்குள், துணி ஏற்றப் போன அதன் கப்பல்கள் சோழமண்டலக் கரையிலிருந்து மனிதர்களையும் இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு ஏற்றிச் சென்றன. மேடையில் கேட்ட கண்டனத்துக்கு வணிகர்கள் கைதட்டியிருக்கலாம், கணக்குப் புத்தகம் கேட்கவில்லை. அந்த வரிகளை எழுதிய பிரெடெரோவும் வேடத்தைக் கைவிடவில்லை. ஒரே நாடகத்துக்குள் அறிதலும் அறியாமையும் இப்படி அருகருகே கிடப்பது நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டும்.

கட்டுக்கோப்பில்லாத நாடகம் என்ற குறையும் அவர்மேல் நெடுநாள் இருந்தது. 1669இல் தொடங்கிய 'நில் வோலென்டிபுஸ் ஆர்டூம்' என்ற இலக்கியச் சங்கம் பிரெஞ்சு இலக்கணப்படி நாடகத்தை ஒழுங்குபடுத்த வந்தபோது, இந்த மாதிரியான தெருப் பேச்சும் சிதறிய காட்சிகளும் ரசனைக்குறைவாகத் தோன்றின. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அறிஞர்கள் அவரை மறுபடி முன்னே கொண்டுவந்தார்கள்; யான் டென் பிரிங்க் 1859இல் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. 'ஸ்பானியப் பிராபண்டுக்காரன்' நாடகத்தில் காட்சிகள் சிதறியிருப்பது உண்மை. கோலி விளையாடும் சிறுவர்கள், அவர்களை விரட்டும் சவக்குழி வெட்டி, நூற்கும் பெண்கள், கிழவர்கள் எல்லோரும் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள், கதை நகர்வதில்லை. ஆனால் ஜெரோலிமோ மறைந்து வாழ முடிவதே இப்படிப்பட்ட ஊரில்தான். ஒவ்வொருவரும் தன் வட்டத்துக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்குத் தெரிந்தது அடுத்தவருக்குப் போய்ச் சேர்வதில்லை. எல்லோரும் ஒரே மேடையில் கூடுவது கடைசியில், பணம் போன பிறகு.

இந்த நாடகம் மேடையேறிய ஆண்டில் பிரெடெரோ, ஹோஃப்ட், கோஸ்டர் மூவரும் பழைய கவிஞர் மன்றமான எக்லான்டியரை விட்டு விலகினார்கள். கோஸ்டர் 1617இல் கெய்சர் கால்வாய்க் கரையில் மரத்தாலான ஓர் அரங்கத்தைக் கட்டி 'டச்சு அகாடமி' என்று பெயரிட்டார். நாடகத்தோடு நில்லாமல் கல்வியையும் லத்தீனில் அல்லாமல் மக்கள் பேசும் டச்சு மொழியில் தர வேண்டும் என்பது திட்டம். சர்ச் போதகர்களின் எதிர்ப்பில் வகுப்புகள் நீடிக்கவில்லை. நாடக வருமானத்தில் ஒரு பங்கு நகர அனாதை இல்லத்துக்குப் போனது. பிச்சைக்காரப் பையன் ஒருவனைப் பார்த்துச் சிரித்தவர்களின் காசு தாய் தந்தையற்ற பிள்ளைகளின் சாப்பாடாயிற்று. அதே இடத்தில்தான் 1638இல் ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற நகர அரங்கம் எழுந்தது.

அதைப் பார்க்கப் பிரெடெரோ இல்லை. அவருடைய பாடல்களை 1622இல் பதிப்பாளர் வான் டெர் பிளாஸ்ஸே வேடிக்கை, காதல், பக்தி என்று மூன்று பகுதிகளாக்கி ஒரு பெரிய நூலாக வெளியிட்டார். எல்லாம் மாறக்கூடும் என்ற பொருள்படும் சிறு வாசகத்தைத் தன் முத்திரையாக எழுத்துகளின் கீழே இடுவது அவர் வழக்கம். அவர் பிறந்த நெஸ் தெருவில் இன்று சிறு நாடக அரங்குகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றில் ஒன்று டெ பிராக்கே குரோண்ட், அந்த்வெர்ப் இன்று இருக்கும் பெல்ஜியத்தின் பிளெமிஷ் கலைகளுக்கான இல்லம். ஜெரோலிமோவின் ஊர்க்காரர்கள் அங்கே தங்கள் நாடகங்களைத் தங்கள் பேச்சிலேயே நடத்துகிறார்கள். ஆம்ஸ்டர்டாம்காரர்கள் சீட்டு வாங்கிப் போய் உட்கார்ந்து கேட்கிறார்கள்.